ஐசோனியாசிட்டும் இரண்டு வகைக் கல்லீரல்களும்

மருந்தியல் படித்தவர்கள், அது பி.ஃபார்மாக இருக்கட்டும், எம்.பி.பி.எஸ். இரண்டாம் வருடமாக இருக்கட்டும், இந்த வரியை எழுதாமல் தப்பித்திருக்க முடியாது: காசநோய் மருந்தான ஐசோனியாசிட்டின் அரை ஆயுள் (இரத்தத்தில் மருந்து பாதியாகக் குறைய ஆகும் நேரம்), வேகமாக அசிட்டைலேற்றம் செய்பவர்களுக்கு, அதாவது மருந்தோடு ஒரு அசிட்டைல் துண்டைச் சேர்த்து அதைச் செயலிழக்க வைப்பவர்களுக்கு, சுமார் 1 மணி நேரம், மெதுவாகச் செய்பவர்களுக்குச் சுமார் 3 மணி நேரம். கூடவே ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து "ஷிப்" என்று ஒரு நினைவுச் சொல்லும் உண்டு. சல்ஃபோனமைடு, ஹைட்ரலசின், ஐசோனியாசிட், புரோக்கெய்னமைடு, இந்த நான்கும் உடம்பில் இதே வழியில் மாற்றப்படுபவை. இரண்டு மார்க் கேள்வி. நானும் மனப்பாடம் செய்துதான் எழுதினேன், மார்க்கும் வந்தது. ஆனால் அந்த வரிக்குப் பின்னால் இருக்கிற வேலையில் ஒரு முக்கியமான பகுதி சென்னை சேத்துப்பட்டில் நடந்தது என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது. பிற்பாடு தேடிப் படித்தபோது இதை ஏன் வகுப்பில் சொல்லவில்லை என்று வருத்தமாகவே இருந்தது.

முதலில் மூலக்கூறைப் பார்த்துவிடுவோம். ஐசோனியாசிட் ரொம்பச் சின்ன மூலக்கூறு. ஒரு பிரிடின் வளையம், அதில் ஒரு கார்போனைல், அதன் முனையில் இரண்டு நைட்ரஜன் அணுக்கள் அடுத்தடுத்து நிற்கும் ஒரு வால். 1912லேயே பிராகில் ஹான்ஸ் மேயர், யோசெஃப் மாலி என்ற இருவர் பல்கலைக்கழக ஆய்வு வேலையாக இதைத் தயாரித்துவிட்டார்கள். அது காசநோய்க் கிருமியைக் கொல்லும் என்று கண்டுபிடிக்க இன்னும் நாற்பது வருடம் ஆனது. 1951-52ல் நியூயார்க்கின் சீ வியூ மருத்துவமனையில் சாகக் கிடந்த நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தபோது, பசி எடுத்து, எடை கூடி, எழுந்து வார்டிலேயே ஆட ஆரம்பித்தார்களாம். அந்தப் புகைப்படங்கள் அன்றைய பத்திரிகைகளில் வந்தன.

அந்த வாலில்தான் எல்லா விஷயமும் இருக்கிறது. கிருமிக்குள் போனதும் கிருமியின் சொந்த நொதி ஒன்றே அந்த வாலைக் கிளறி மருந்தை விழிக்க வைக்கிறது. விழித்த மருந்து, கிருமியின் மெழுகுத் தோலுக்குத் தேவையான மைக்கோலிக் அமிலத்தைச் செய்யவிடாமல் தடுத்துவிடுகிறது. நம் உடம்போ இதே வாலை மூடப் பார்க்கிறது. கல்லீரலிலும் சிறுகுடலிலும் உள்ள நாட்-2 என்ற நொதி, ஒரு அசிட்டைல் துண்டைக் கொண்டுவந்து வால் நுனியில் தொப்பி மாதிரி மாட்டிவிடுகிறது. தொப்பி மாட்டிய ஐசோனியாசிட் கிருமியை ஒன்றும் செய்யாது, சிறுநீரோடு வெளியே போகும். இந்தத் தொப்பி மாட்டுகிற வேகம்தான் ஆளுக்கு ஆள் மாறுகிறது, அதுவும் கொஞ்சம் கொஞ்சமாக மாறுவதில்லை.

ஒரு வகுப்பில் எல்லோருடைய உயரத்தையும் அளந்து வரைபடம் போட்டால் நடுவில் ஒரே ஒரு மேடு வரும். பெரும்பாலானவர்கள் நடுத்தர உயரம், ஓரங்களில் சிலர். 1960ல் பிரைஸ் எவன்ஸ், மெக்கியூசிக் முதலானவர்கள் வெளியிட்ட ஆய்வில் எடைக்கேற்ற அளவு ஐசோனியாசிட்டைக் கொடுத்து 6 மணி நேரம் கழித்து இரத்தத்தில் எவ்வளவு மிச்சம் என்று அளந்தார்கள். வரைபடத்தில் வந்தது இரண்டு மேடு, நடுவில் பள்ளம். உயரம் மாதிரி நூறு காரணங்கள் சேர்ந்து ஒரு குணத்தை முடிவு செய்தால் ஒரே மேடுதான் வரும். இரண்டு மேடு வந்தால் ஒரே ஒரு மரபணு பெரிய வேலை செய்கிறது என்று சந்தேகப்படலாம். அவர்கள் குடும்பம் குடும்பமாகச் சோதித்துப் பார்த்ததில் அதுதான் உண்மை என்று தெரிந்தது. மெதுவாக மாற்றும் தன்மை ஒடுங்கிய பண்பு, அதாவது அம்மாவிடமிருந்து ஒன்று அப்பாவிடமிருந்து ஒன்று என்று இரண்டு மெதுவான பிரதிகளும் வந்தால்தான் பிள்ளை மெதுவானவர்.

சரி, ஏன் 6 மணி நேரம்? இந்தக் கேள்வியை எந்த வைவாவிலும் (வாய்மொழித் தேர்விலும்) யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை, கேட்டால் அரை ஆயுள் என்றால் என்ன என்பதே அதில் புரிந்துவிடும். இரண்டு பேருக்கும் இரத்தத்தில் மில்லிலிட்டருக்கு 4 மைக்ரோகிராமில் ஆரம்பிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வேகமானவருக்கு மணிக்கு ஒரு முறை பாதியாகும்: 2, 1, 0.5 என்று குறைந்துகொண்டே போய் 6 மணி நேரத்தில் ஆறு முறை பாதியாகி, 64ல் ஒரு பங்கு, அதாவது சுமார் 0.06. மெதுவானவருக்கு 3 மணி நேரத்துக்கு ஒரு முறைதான் பாதியாகும், 6 மணி நேரத்தில் இரண்டே முறை, நாலில் ஒரு பங்கு, அதாவது 1. அரை ஆயுளில் வித்தியாசம் மூன்று மடங்குதான், ஆனால் 6 மணி நேரத்தில் மிச்சமிருக்கும் மருந்தில் வித்தியாசம் 16 மடங்கு. ஒரு மணி நேரத்திலேயே இரத்தம் எடுத்திருந்தால் ஒருவருக்கு 2, இன்னொருவருக்கு 3.2 என்று பக்கத்தில் பக்கத்தில் நின்று, இரண்டு மேடும் ஒன்றோடொன்று கலந்துபோயிருக்கும்.

இப்போது சென்னைக்கு வருவோம். 1956ல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், அன்றைய சென்னை மாநில அரசு எல்லாம் சேர்ந்து சேத்துப்பட்டில் காசநோய் வேதிச்சிகிச்சை மையத்தை ஆரம்பித்தன. இன்று அது தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். அப்போது காசநோய் என்றாலே சானடோரியத்தில் மாதக்கணக்கில் படுக்க வேண்டும் என்றுதான் நினைத்தார்கள், படுக்கையோ நோயாளிகளின் எண்ணிக்கைக்குக் கிட்டத்தில்கூட வரவில்லை. 1959ல் வாலஸ் ஃபாக்ஸும் அவர் குழுவும், வீட்டிலேயே இருந்து ஐசோனியாசிட்டும் பாஸ் என்ற இன்னொரு காசநோய் மருந்தும் சாப்பிட்ட ஏழை நோயாளிகள் சானடோரியத்தில் இருந்தவர்களுக்கு ஏறத்தாழச் சமமாகவே குணமானார்கள் என்று காட்டினார்கள். இந்தச் சோதனை உலகம் முழுக்கப் பேசப்பட்டது, அது தகும். எனக்கு அதைவிடப் பிடித்தது அடுத்து வந்ததுதான்.

வீட்டில் இருந்து சாப்பிடலாம் என்றானதும் பெரிய கேள்வி, நோயாளி உண்மையிலேயே சாப்பிடுகிறாரா என்பது. பாஸ் நாளுக்குப் பல கிராம், வயிற்றைப் புரட்டும். கண் முன்னால் கொடுத்தால் நிச்சயம், ஆனால் கூலி வேலைக்குப் போகிறவர் தினமும் கிளினிக்குக்கு வர முடியுமா? வாரம் இரண்டு முறை வரச்சொல்லி, ஸ்ட்ரெப்டோமைசின் ஊசியும் பெரிய டோஸ் ஐசோனியாசிட்டும் கொடுத்துப் பார்த்தார்கள். நன்றாகவே வேலை செய்தது. அப்புறம் வாரம் ஒரே முறை என்று குறைத்தார்கள். அங்கேதான் இரண்டு மேடும் கண்ணுக்குத் தெரிந்தது: மெதுவானவர்களுக்குப் பலன் நன்றாக இருக்க, வேகமானவர்களிடம் சிகிச்சை தோற்க ஆரம்பித்தது.

இதைக் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். தினமும் கொடுத்தால் மற்ற மருந்துகளோடு சேர்ந்து இருவருக்குமே பலன் கிடைக்கிறது, ஏனென்றால் காசநோய்க் கிருமி இரண்டாகப் பிரியவே ஏறக்குறைய ஒரு நாள் எடுக்கும், வேகமானவர் இரத்தத்தில் சில மணி நேரம் மருந்து நின்றாலும் அடுத்த டோஸ் மறுநாளே வந்துவிடும். மருந்து பட்ட கிருமி, மருந்து போன பிறகும் சில நாள் மயக்கத்தில் இருந்துவிட்டுத்தான் மறுபடி பெருகத் தொடங்கும், அதிக நேரம் பட்டால் மயக்கமும் நீளும். மெதுவானவர் உடம்பில் கிருமிக்குக் கிடைக்கும் அடி நீண்டது, வாரம் வரை தாங்குகிறது. வேகமானவர் உடம்பில் அந்த அடி குறுகியது, ஏழு நாள் இடைவெளிக்குப் போதவில்லை. ஒரே மாத்திரை, ஒரே நாள், ஒரே கிளினிக், முடிவை மாற்றியது கல்லீரலில் இருக்கும் ஒரு நொதி. வேகமானவர்களுக்காக மெதுவாகக் கரையும் ஐசோனியாசிட் மாத்திரையைக்கூடச் செய்து பார்த்தார்கள்.

யார் எந்தப் பக்கம்? 1961ல் அதே மையம் வெளியிட்ட கணக்குப்படியும் பின்னால் வந்த ஆய்வுகளின்படியும் தென்னிந்தியர்களில் சுமார் 60 சதவீதம் பேர் மெதுவானவர்கள். ஐரோப்பியர்களில் ஏறத்தாழப் பாதி. ஜப்பானியர்களில் பத்தில் ஒருவர் அளவுதான். ஆக, ஓர் ஊரில் பரிசோதித்த டோஸை இன்னோர் ஊருக்கு அப்படியே எடுத்துப்போனால் என்ன ஆகும் என்று புரியும்.

கண்டுபிடிக்க இரத்தம்தான் எடுக்க வேண்டும் என்றில்லை. சிறுநீரில் தொப்பி போட்ட மருந்தும் போடாத மருந்தும் என்ன விகிதத்தில் வருகின்றன என்று பார்க்கலாம். ஆய்வாளர்கள் காபியை வைத்துக்கூடச் சோதிக்கிறார்கள், ஏனென்றால் காபியில் இருக்கும் கஃபீன் உடைந்து உடைந்து போகும் வழியில் ஒரு கட்டத்தில் இதே நாட்-2 வந்து ஒரு துண்டுக்குத் தொப்பி மாட்டுகிறது. ஒரு டம்ளர் காபி குடிக்கவைத்து சில மணி நேரம் கழித்துச் சிறுநீரைச் சோதித்தால் நீங்கள் எந்த மேட்டில் இருக்கிறீர்கள் என்று சொல்லிவிடலாம். அதற்காக, ராத்திரி காபி குடித்தால் தூக்கம் வராததற்குக் காரணம் நாட்-2 என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. கஃபீனை முதலில் உடைப்பது வேறொரு நொதி.

கல்லீரல் பாதிப்பு விஷயத்தில் பாடப்புத்தகமே ஒரு முறை தலைகீழாகத் திரும்பியிருக்கிறது. தொப்பி போட்ட ஐசோனியாசிட் உடையும்போது அசிட்டைல்ஹைட்ரசின் என்ற துண்டு பிறக்கும், அதைக் கல்லீரலின் இன்னொரு நொதி நச்சாக மாற்றும். ஆகவே வேகமாகத் தொப்பி மாட்டுகிறவர்களுக்குத்தான் இந்தத் துண்டு அதிகம் வரும், ஆபத்தும் அவர்களுக்குத்தான் என்று 1970களில் வாதம் வைத்தார்கள். கேட்கச் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் ஆய்வுகள் சேரச் சேர, அதிகம் பாதிக்கப்படுவது மெதுவானவர்கள் என்று தெரிந்தது. காரணம், அந்த அசிட்டைல்ஹைட்ரசினுக்கும் இரண்டாவது தொப்பி மாட்டித் தீங்கில்லாமல் ஆக்குவது இதே நாட்-2தான். மெதுவானவரிடம் அந்தத் துண்டு சீக்கிரம் அகற்றப்படாமல் தங்கி, நச்சாக மாற நேரம் கிடைத்துவிடுகிறது. ஒரு பாதையின் முதல் படியை மட்டும் பார்த்துவிட்டு முடிவு சொன்னால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

2013ல் ஜப்பானில் வெளியான ஒரு சோதனையில், முதலிலேயே மரபணுவைப் பார்த்து மெதுவானவர்களுக்கு வழக்கமான அளவில் பாதி, அதாவது கிலோவுக்கு 2.5 மி.கி., வேகமானவர்களுக்கு 7.5 மி.கி. என்று கொடுத்தார்கள். பாதி அளவு வாங்கிய மெதுவானவர்களுக்குக் கல்லீரல் பாதிப்பு வரவில்லை, வழக்கமான அளவு வாங்கிய மெதுவானவர்களில் பெரும்பாலோருக்கு வந்தது. சின்னச் சோதனைதான், ஆனாலும் பத்தில் ஆறு பேர் மெதுவாக இருக்கிற நம் பக்கத்தில் இதைப் பெரிய அளவில் செய்து பார்க்க வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இப்போது நம் ஊரில் எடை பார்த்துத்தான் மாத்திரை. அதனால் மெதுவானவருக்கும் வேகமானவருக்கும் ஒரே அளவு, கூடவே பைரிடாக்சின், அதாவது வைட்டமின் பி6. அது ஏன் என்று கேட்டால் மறுபடி அந்த வாலுக்கே போக வேண்டும். தொப்பி போடாத ஐசோனியாசிட்டின் வால், பி6இன் செயல்படும் வடிவத்தைப் பிடித்து ஒட்டிக்கொள்ளும், அப்படியே சிறுநீரில் இழுத்துக்கொண்டும் போய்விடும். பி6 குறைந்தால் முதலில் கஷ்டப்படுவது நீளமான நரம்புகள், அதனால்தான் எரிச்சலும் மரத்துப்போவதும் பாதத்தில் ஆரம்பிக்கும். தொப்பி மாட்டிவிட்டால் வாலால் பி6ஐப் பிடிக்க முடியாது. ஆக, தொப்பி மெதுவாக மாட்டப்படுகிறவருக்கு இந்தத் தொல்லை அதிகம், அதிலும் சரியான சாப்பாடு இல்லாதவர், சர்க்கரை உள்ளவர், குடிப்பழக்கம் உள்ளவர் என்றால் இன்னும் அதிகம். சென்னை மையத்தின் நோயாளிகளிடமும் இதைத்தான் பார்த்தார்கள், நாளுக்குச் சில மில்லிகிராம் பி6 போதும், வராமல் தடுக்கலாம் என்றும் காட்டினார்கள்.

என் சித்தப்பாவுக்கு டிபி வந்தபோது மூன்றாவது மாதத்தில், "பாதம் எரியுதுடா, தரையில கால் வச்சா வச்ச மாதிரியே தெரியல" என்றார். மாத்திரையெல்லாம் சாப்பிடுகிறீர்களா என்று கேட்டேன். பெரிய மாத்திரைகளை ஒரு நாளும் விடவில்லை, அந்தச் சின்ன மாத்திரையை மட்டும் சத்து மாத்திரைதானே என்று முதல் மாதத்தோடு நிறுத்தியிருந்தார். டாக்டரிடம் கூட்டிப்போனேன். காசநோய் மருந்தை நிறுத்தவே கூடாது என்று சொல்லிவிட்டு, பி6ஐக் கூடுதல் அளவில் எழுதிக்கொடுத்தார். எரிச்சல் சில வாரங்களில் மெல்ல மெல்லக் குறைந்தது, விரல் நுனியில் மட்டும் கொஞ்ச நாள் மரமரப்பு இருந்தது. சித்தப்பா மெதுவானவரா என்று யாரும் சோதிக்கவில்லை. ஆறு மாத மருந்தை அவர் முழுசாக முடித்தார், அந்தச் சின்ன மாத்திரையோடு சேர்த்து.