மூச்சு இழுக்கக் கஷ்டமா? ஹோஸின் நீளத்தைக் குறை சொல்வதற்கு முன்

ஹோஸ் என்பது ஸ்கூபா டைவர் சுவாசிக்கும் ரெகுலேட்டரில் (சிலிண்டர் காற்றை மூச்சுக்கேற்ற அழுத்தத்தில் தரும் கருவி) காற்று வரும் குழாய். நீளமான ஹோஸுக்கு மாறிய டைவர்கள் பலர் ரெகுலேட்டரை சர்வீஸுக்குக் கொண்டுவந்து, "2 மீட்டர் ஹோஸ் போட்டதிலிருந்து காற்று வரத் திணறுகிறது, பழையதையே மாட்டிவிடுங்கள்" என்கிறார்கள். மாட்டிவிடலாம், ஆனால் கோளாறு பெரும்பாலும் அங்கே இருப்பதில்லை.

சிலிண்டரில் 200 பார் (அழுத்த அலகு) இருந்தாலும், அதன் வால்வில் மாட்டும் பகுதியான ஃபர்ஸ்ட் ஸ்டேஜ் அதைக் குறைத்து, சுற்றியுள்ள நீரின் அழுத்தத்தைவிட 9, 10 பார் மட்டும் கூடுதலாக ஹோஸுக்குள் விடுகிறது. நீங்கள் இழுக்கும்போது காற்று ஓடும், ஓடும்போது உராய்வில் அழுத்தம் கொஞ்சம் இறங்கும். ஹோஸ் நீண்டால் அந்த இறக்கமும் கூடும் என்பது உண்மைதான். ஆனால் நிதானமாக நீந்துகிறவருக்கு அது தெரியவே தெரியாது. 30 மீட்டர் ஆழத்தில் காற்று மேற்பரப்பில் இருப்பதைவிட 4 மடங்கு அடர்த்தி, அங்கே நீரோட்டத்தை எதிர்த்து மூச்சு வாங்க நீந்தினால் வித்தியாசம் கொஞ்சம் கூடும், அதையும் நன்றாகப் பராமரித்த ரெகுலேட்டர் சமாளித்துவிடும்.

நீளத்தைவிடப் பல மடங்கு முக்கியம் உள்விட்டம். துளை கொஞ்சம் சுருங்கினாலே போதும், அழுத்த இழப்பு எகிறிவிடும். சில பின்னல் ஹோஸ்களில் உள் உறை வெப்பத்திலும் ஈரத்திலும் சிதைந்து, மஞ்சள் நிறப் படிகங்களாக உள்ளேயே சேரும். வெளியே பார்த்தால் புதுசு மாதிரி பளபளக்கும், நறுக்கிப் பார்த்தால் வழி பாதிக்கு மேல் அடைந்திருக்கும். இதைத்தான் நான் உண்மையிலேயே பயப்படவேண்டிய விஷயம் என்பேன், ஏனென்றால் ஒரு துண்டு பிய்ந்து, நீங்கள் வாயில் வைக்கும் பகுதியான செகண்ட் ஸ்டேஜின் நுழைவில் போய் உட்கார்ந்தால் ஆழத்தில் காற்றே நின்றுபோகும்.

அப்புறம், தண்ணீரில் இறங்கும் முன் பிரஷர் கேஜைப் பார்த்துக்கொண்டே நாலைந்து முறை பலமாக இழுத்துப் பாருங்கள். ஒவ்வொரு மூச்சுக்கும் முள் விழுந்து எழுந்தால் சிலிண்டர் வால்வு முழுதாகத் திறக்கவில்லை, அல்லது ஃபர்ஸ்ட் ஸ்டேஜ் ஃபில்டர் அடைத்திருக்கிறது. முள் அசையாமல் நின்றும் ஒரு செகண்ட் ஸ்டேஜ் மட்டும் இறுக்கமாக இருந்தால், அதன் ஹோஸைக் கழற்றி, உங்கள் செட்டில் உள்ள இன்னொரு செகண்ட் ஸ்டேஜின் ஹோஸோடு மாற்றிப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். இறுக்கம் ஹோஸோடு சேர்ந்து இடம் மாறினால் ஹோஸைத் தூக்கிப் போட வேண்டியதுதான்.

குட்டி ஹோஸிலும் தொல்லை உண்டு. தலையைத் திருப்பும்போதெல்லாம் அது மவுத்பீஸை இழுக்கும், தாடை வலிக்கும், உதட்டோரம் தண்ணீர் கசியும், அதையும் பலர் "ரெகுலேட்டர் சரியில்லை" என்றே சொல்கிறார்கள். நீளத்தை உங்கள் உடல்வாகுக்கும், அவசரத்தில் கூட வருபவருக்குக் காற்று கொடுக்கும் முறைக்கும் ஏற்பத் தேர்ந்தெடுங்கள். சர்வீஸுக்கு வரும்போது ஹோஸ்களைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டு வராதீர்கள், செட்டை முழுதாகக் கொண்டுவாருங்கள்.