நிறுவனப் பண்பாடு: ஒரு சொல் விளக்கம்

வணிகக் கல்வி படிக்கும் உயர்தர மாணவி ஒருத்தியின் கொப்பியில் 'நிறுவனக் கலாசாரம்' என்று எழுதியிருந்தது. பொருள் கேட்டேன். "கந்தோரிலை சரஸ்வதி பூசை வைக்கிறது, எல்லாரும் ஒரே நிறத்திலை சேட் போடுறது, அப்படித்தானே சேர்?" என்றாள். பிள்ளையில் பிழை இல்லை. வன்னியில் கலாசாரம் என்றால் நமக்கு முதலில் வருவது கூத்தும் கும்மியும் பட்டுவேட்டியும்தான். 'கலா', 'ஆசாரம்' என்ற இரண்டு வடசொற்கள் சேர்ந்த சொல் அது. தமிழ்நாட்டில் 'கலாச்சாரம்' என்று எழுதுவார்கள்.

நான் எடுத்துக்கொள்ளும் சொல் பண்பாடு. விழாக்களுக்கும் அதைச் சூட்டிவிட்டோம் என்றாலும் அதன் அடி இன்னும் உயிரோடு இருக்கிறது. ஏற்படு ஏற்பாடு ஆனதுபோல, வெளிப்படு வெளிப்பாடு ஆனதுபோல, பண்படு என்ற வினையின் முதனிலை நீண்டு பண்பாடு ஆயிற்று. நிலத்தைப் பண்படுத்துதல் என்கிறோமே, அதே வினைதான். கலித்தொகையில் 'பண்பெனப் படுவது பாடறிந்து ஒழுகுதல்' என்று ஓரடி உண்டு. அங்கே பண்பும் பாடும் தனித்தனியே நிற்கின்றன. இன்றைய பொருளில் பண்பாடு என்ற சொல்லை 20ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் ரசிகமணி டி. கே. சிதம்பரநாத முதலியார் என்பர். அவர் ஈடுசெய்ய முனைந்த ஆங்கிலச் சொல்லான கல்ச்சர், இலத்தீன் 'குல்தூரா'விலிருந்து வந்தது. அதன் பொருளும் நிலத்தை உழுது பேணுதல்தான். இரண்டு மொழியிலும் சொல் கமத்திலிருந்தே புறப்பட்டிருக்கிறது.

கமக்காரருக்கு இதை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. போர் முடிந்து 2009க்குப் பிறகு ஊர் திரும்பியபோது வயல்கள் பற்றை மண்டி, வரம்பு எதுவென்று தெரியாமல் கிடந்தன. காணி உறுதியைக் கையில் வைத்திருந்தால் மட்டும் நெல் விளையாது. பற்றை வெட்டி, வரம்பு கட்டி, உழுது, மறுத்து உழுது, பலகை அடித்து, ஒரு காலபோகம் விதைத்துப் பார்த்தும் நிலம் முழுதாய் மசியவில்லை. பண்படுதலுக்குக் காலம் வேண்டும். காலத்தைக் கடையில் வாங்க முடியாது.

ஒரு தொழிலிடத்துக்கும் பண்பாடு உண்டென்று ஆய்வாளர் எழுதத் தொடங்கியது பிந்தித்தான். 1951இல் எலியட் ஜாக்ஸ், லண்டனிலுள்ள கிளேசியர் உலோகத் தொழிற்சாலையைப் பற்றி எழுதுகையில் இச்சொல்லை ஆண்டார். 1985இல் எட்கர் ஷைன் அதை மூன்று அடுக்காகப் பிரித்தார்: கண்ணுக்குத் தெரியும் பொருட்களும் நடைமுறைகளும்; நிறுவனம் தன்னைப்பற்றிச் சொல்லிக்கொள்ளும் விழுமியங்கள்; யாரும் வாய்விட்டுச் சொல்லாமலே எல்லோரும் ஏற்று நடக்கும் அடிப்படை எண்ணங்கள். மாணவி சொன்ன சேட் முதலாம் அடுக்கு. மூன்றாவதை அப்பாவோடு நெல் விற்கப் போய்த்தான் நான் கண்டேன்.

எங்களுக்குக் கிட்ட ஒரு மில் இருந்தது. சுவரில் 'நேர்மை, தரம், நம்பிக்கை' என்று பெரிய எழுத்து. தராசு உள்ளறையில். மூடைக்கு 2 கிலோ கழிவு. ஏனென்று கேட்டால் பதில் வராது. அதைத் தாண்டி நாலு கட்டை தூரத்தில் இன்னொரு மில். விலை ஒன்றுதான். அங்கே தராசு விற்பவரைப் பார்த்து நிற்கும். ஒருநாள் முதலாளி இல்லாத நேரம், மூடை தூக்கும் பெடியன் அப்பாவைக் கூப்பிட்டு, "ஐயா, முந்தின மூடையைக் குறைச்சு எழுதிப்போட்டன், இஞ்ச பாருங்கோ" என்று துண்டைத் திருத்தினான். அப்படிச் செய்யச் சொல்லி அங்கே எந்தச் சுவரிலும் எழுதியிருக்கவில்லை. பிழையைச் சொன்னால் ஏச்சு விழாது என்பது அவனுக்குத் தெரிந்திருந்தது. (நிறுவனம் என்பதன் வேரான 'நிறு'வுக்கு நிலைநாட்டுதல், எடைபோடுதல் என்று இரண்டு பொருளும் உண்டு. அந்தத் தராசுக்கு முன்னால்தான் எனக்கு அது உறைத்தது.)

அன்றிலிருந்து உழவு இயந்திரச் செலவு கூடினாலும் எங்கள் நெல் அங்கேதான். பாடப்புத்தகம் சொல்லும் 'போட்டி அனுகூலம்' இதுதான். அரிவுவெட்டு நேரத்தில் எல்லா மில்காரரும் கைக்காசுக்கு அந்தரப்படுவார்கள். இவரோ துண்டு எழுதிக் கொடுத்தால் போதும், சனம் நெல்லை இறக்கிவிட்டுப் போகும். நிறுத்ததை வீட்டில் திரும்ப நிறுத்துப் பார்க்கும் வேலை இல்லை; தரகர் இல்லை; சண்டை இல்லை. மிச்சமாவது முழுக்க இலாபம். நிறம் பிரிக்கும் இயந்திரத்தைப் பக்கத்து மில்காரர் நாளைக்கே வாங்கலாம், அந்தப் பெடியனையே கூடிய சம்பளத்துக்குக் கூப்பிடலாம். புது இடத்தில் அவன் துண்டைத் திருத்துவானா என்பது அவனிடம் மட்டும் இல்லை. 1986இல் முகாமைத்துவ ஆய்வாளர் ஜே பார்னி இதையே வாதிட்டார்: ஒரு பண்பாடு பெறுமதி தருவதாயும், அரிதாயும், பிறர் எளிதில் போலச்செய்ய முடியாததாயும் இருந்தால்தான் அனுகூலம் நிலைக்கும். தராசை ஒளிக்கிற பழக்கமும் ஒரு பண்பாடுதான் என்பதை மறக்கக் கூடாது. அது வியாபாரத்தைத் தின்னும்.

'நம்பிக்கை' என்ற சொல்லில் எனக்கு ஒரு குறை உண்டு. தொல்காப்பிய உரியியல் 'நம்பும் மேவும் நசையா கும்மே' என்கிறது. பழைய பொருள் விருப்பம். இன்றும் 'மழை வரும் என்ற நம்பிக்கை'யும் 'அவர்மேல் நம்பிக்கை'யும் ஒரே சொல்லில் கிடக்கின்றன. தொழிலில் வேண்டியது முதலாவது அல்ல. அதற்குக் குறளில் பொருத்தமான சொல் இருக்கிறது: தெளிவு. ஆராய்ந்து பார்த்தபின் வைக்கும் நம்பிக்கை அது. 'தேரான் தெளிவும் தெளிந்தான்கண் ஐயுறவும் தீரா இடும்பை தரும்' என்பது 510ஆம் குறள். ஆராயாமல் நம்புவதும், நம்பியபின் சந்தேகப்படுவதும் என்று முதலாளிமார் வழக்கமாய் விடும் இரண்டு பிழைகளும் அதில் இருக்கின்றன. இன்று தெளிவு என்றால் வேறு பொருள் முந்திக்கொள்வதால், எழுத்தில் 'நம்பகம்' என்று வைக்கலாம்.

அந்த இரண்டாவது மில்லைப் பற்றி 'பண்பாடு', 'நம்பகம்' என்ற இரண்டு சொல்லையும் அப்பாவிடம் சொல்லிப் பார்த்தேன். கேட்டுவிட்டு, "அது நாணயமான இடம், தம்பி" என்றார். காசுக்கு வந்த பெயர் நேர்மைக்கும் பெயராகி, வன்னியின் கடை வாசல்களில் இன்னும் அந்தப் பொருளில்தான் புழங்குகிறது.