சிட்டிசன்ஷிப்: குடியுரிமையா, குடிமையா?

சிட்டிசன்ஷிப் என்ற ஒரே சொல் ஆங்கிலத்தில் இரண்டு வேலை பார்க்கிறது. ஒருவர் எந்த நாட்டவர் என்ற சட்ட நிலை ஒன்று. சட்டம், வாக்கு, வரி, உரிமை, கடமை பற்றிய பள்ளிப் பாடம் மற்றொன்று. இங்கிலாந்தின் தேசியப் பாடத்திட்டத்தில் 2002 முதல் 11-16 வயது மாணவர்களுக்கு இது கட்டாயப் பாடம். அதை அப்படியே 'குடியுரிமைக் கல்வி' என்று எழுதினால், கடவுச்சீட்டுக்கு விண்ணப்பிக்கச் சொல்லித்தரும் வகுப்போ என்று தோன்றும். வேற்று நாட்டுக் குடியுரிமை உள்ள பிள்ளை, இது நமக்கில்லை என்று ஒதுங்கிவிடும்.

லத்தீனில் 'கிவிஸ்' என்றால் நகரின் உரிமை பெற்ற உறுப்பினர். 'கிவிதாஸ்', பிரெஞ்சு 'சித்தே' வழியாக வந்தவை சிட்டியும் சிட்டிசனும். சிவிக்ஸும் அந்த வேர்தான். தமிழில் வேர் நகரமல்ல, வீடு. குடி என்றால் வீடு, குடும்பம், குலம். ஆட்சிக்கு உட்பட்ட மக்களும் குடிதான். 'படைகுடி கூழமைச்சு' என்ற குறளில் (381) வருவது இந்தக் கடைசிப் பொருள். ஆனால் திருக்குறளின் 96ஆம் அதிகாரமான 'குடிமை' பேசுவது நற்குடியில் பிறந்தாரின் பண்பை. பிறப்பைச் சுட்டிய சொல்லுக்கு இன்று பிறப்புப் பாராத சமநிலை பொருளாகிவிட்டது. மாணவர் குழம்பும் இடம் இது; முதல் வகுப்பிலேயே விளக்கிவிட வேண்டும். ('குடிமகன்' என்றதும் கடைசி வரிசையில் எழும் சிரிப்பையும் அப்போதே தீர்த்துவிடலாம். குடிக்கிற குடி வேறு, இந்தக் குடி வேறு.)

சட்ட நிலைக்குக் குடியுரிமை என்பதே சரி. அரசியலமைப்பு, நாடாளுமன்றம், நீதிமன்றம் பற்றிய அறிவுத்துறைக்கு தமிழ்நாட்டுப் பாடநூல்களில் உள்ள 'குடிமையியல்' பொருந்தும். இலங்கையில் 'குடியியற் கல்வி' என்பார்கள். அறிவோடு செயலும் சேர்ந்த பாடத்துக்கு நாங்கள் தேர்ந்தெடுக்கும் சொல் 'குடிமைக் கல்வி'.

வேறுபாடு வகுப்பறையில்தான் தெரியும். உள்ளாட்சியின் பணிகள் யாவை என்று குடிமையியல் கேட்கும். குடிமைக் கல்வியோ, பள்ளி வாசலில் எரியாத தெருவிளக்கைக் காட்டி, இதற்கு யார் பொறுப்பு என்று தேடவைக்கும். அலுவலகத்தைக் கண்டறிந்த பிறகே மனு: எந்த இடம், என்ன குறை, எப்போதிலிருந்து, என்ன செய்ய வேண்டும், தேதி, கையொப்பம். நகல் ஒன்று கையில் இருக்க வேண்டும். பதில் வராவிட்டால் அந்த நகலை இணைத்து நினைவூட்டல், பிறகு மேலதிகாரிக்கு. பெரும்பாலும் சறுக்குவது முதல் படியில்தான்: சம்பந்தமில்லாத அலுவலகத்துக்குப் போன மனு அங்கேயே தூங்கும். ஒரே மனுவில் ஐந்து குறைகளை அடுக்கினாலும் அதே கதி, ஒவ்வொன்றும் வேறு மேசைக்குரியது.

பள்ளியில் நடத்தும் மாதிரித் தேர்தலிலும் செயல்தான் குறைகிறது. வாக்குச்சீட்டு, பெட்டி, மை எல்லாம் இருக்கும். வென்றவருக்கு அதிகாரம் மட்டும் இருக்காது. விளையாட்டு நேர ஒதுக்கீடு போல ஏதாவது ஒரு முடிவையாவது உண்மையிலேயே அவர்களிடம் விட வேண்டும்.

கால அட்டவணையில் குடிமைக் கல்வி என்று போட்டுவிட்டு, தேர்வில் சட்டப்பிரிவு எண்களை மட்டும் கேட்டால் அது குடிமையியல்தான். அந்தப் பெயரையே வைத்துக்கொள்ளலாம்.