ராத்திரி 9 மணிக்கு உங்கள் 100 எம்பிபிஎஸ் இன்டர்நெட் வேகம் எங்கே போகிறது?

"காலையில 95 காட்டுது, ராத்திரி 12தான் வருது. மோடத்த மாத்தணுமா சார்?" நெட்வொர்க் வேலையில் இருக்கும் என்னிடம் அடிக்கடி வரும் கேள்வி இது. மாலையில் மட்டும் வேகம் படுத்துவிடுகிறது என்றால், பெரும்பாலும் மோடத்தில் கோளாறு இருக்காது.

வீட்டுக்கு வரும் ஃபைபர் நமக்கு மட்டுமானது இல்லை. ஒரே ஃபைபரைப் பல வீடுகள் பகிரும் ஜிபான் முறைதான் பரவலாக இருக்கிறது. அதில் கம்பெனி பக்கக் கருவியின் ஒரு போர்ட்டில் மொத்த டவுன்லோடு வேகம் சுமார் 2.5 ஜிபிபிஎஸ், அதாவது 2,500 எம்பிபிஎஸ். ஸ்பிளிட்டர் வைத்து அதை 32 அல்லது 64 வீடுகளுக்குப் பிரிக்கிறார்கள். 64 வீடும் ஒரே நேரத்தில் முழு வேகத்தில் இழுத்தால் வீட்டுக்கு 39 எம்பிபிஎஸ்தான் தேறும். ஆனால் அப்படி யாரும் இழுப்பதில்லை. எச்டியில் படம் பார்க்க 5 எம்பிபிஎஸ் போதும். அதனால் பகிர்வதை நான் மோசடி என்று சொல்ல மாட்டேன். பகிராத இணைப்பு வேண்டுமென்றால் லீஸ்டு லைன் எடுக்க வேண்டும், அதன் வாடகையைக் கேட்டால் தலை சுற்றும்.

நெரிசல் பெரும்பாலும் அதற்கும் மேலே, ஆபரேட்டர் வெளி இணையத்தோடு இணையும் இடத்தில் நடக்கிறது. ஏரியா ஆபரேட்டர் 1 ஜிபிபிஎஸ் வாங்கி, 500 வீடுகளுக்கு 100 எம்பிபிஎஸ் பிளான் விற்கிறார் என்று வையுங்கள். வாங்கியது 1 ஜிபிபிஎஸ், விற்றது மொத்தம் 50 ஜிபிபிஎஸ்; கணக்கு 1:50. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2009இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் வீட்டு இணைப்புக்கான வரம்பே இதுதான். வணிக இணைப்புக்கு 1:30. இந்த விகிதத்தை வாடிக்கையாளருக்குத் தெரிவிக்க வேண்டும் என்றும் அதில் உண்டு. கால் சென்டரில் கேட்டுப் பாருங்கள், "ஃபுல் ஸ்பீடு வரும் சார்" என்பார்கள்.

பிரிட்டனில் 2018 மே முதல், விளம்பரத்தில் சொல்லும் வேகம் இரவு 8 முதல் 10 மணிக்குள் பாதி வாடிக்கையாளர்களுக்காவது கிடைக்க வேண்டும். அதற்கு முன்பு பத்து சதவீதம் பேருக்குக் கிடைத்தாலே போதுமாக இருந்தது. ஆஸ்திரேலியாவிலும் மாலை 7 முதல் 11 வரை வழக்கமாகக் கிடைக்கும் வேகத்தைச் சொல்லச் சொல்கிறார்கள். நம் ஊர் நோட்டீஸ்களில் "100 எம்பிபிஎஸ் வரை" என்பதோடு சரி. எனக்கு இதுதான் பெரிய குறை.

ஸ்பீட் டெஸ்ட்டையும் அப்படியே நம்ப வேண்டாம். டெஸ்ட் சர்வர் கம்பெனியின் நெட்வொர்க்குக்குள்ளேயே இருந்தால், வெளியே போகும் பாதை திணறினாலும் முள் 95இல் நிற்கும். யூடியூப் வீடியோக்களின் நகலைப் பல கம்பெனிகள் உள்ளேயே வைத்திருப்பதால் அது தடையில்லாமல் ஓடும், வீட்டிலிருந்து ஆபீஸ் நெட்வொர்க்கோடு இணைக்கும் விபிஎன் மட்டும் தள்ளாடும். வேறு ஊர் சர்வரைத் தேர்ந்தெடுத்து, வைஃபையில் இல்லாமல் லேன் கேபிள் செருகி, ராத்திரி 9 மணிக்குச் சோதியுங்கள். நாலைந்து நாள் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு அப்புறம் புகார் கொடுங்கள்.

புது இணைப்பு எடுப்பவர்கள், அதே தெருவில் அதே கம்பெனி இணைப்பு வைத்திருப்பவரிடம் ராத்திரி நேரத்தில் ஒரு டெஸ்ட் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். தள்ளுபடி தருகிறார்கள் என்று முதல் மாதமே ஒரு வருஷப் பணத்தைக் கட்டிவிடாதீர்கள்.