டையில் குவில்ட் துண்டு வெட்டப் போகிறீர்களா? முதலில் அடுக்கை எண்ணுங்கள்

குவில்ட், அதாவது துணித் துண்டுகளை இணைத்துத் தைக்கும் போர்வை, தைப்பவர்களுக்கு டை வைத்துத் துண்டு வெட்டிக் கொடுப்பது என் வேலை. டை என்பது துண்டின் வடிவத்தில் பிளேடு பதித்த பலகை, அதன்மேல் துணியைப் பரப்பி ரோலர் மெஷினுக்குள் விட்டால் துண்டு வெட்டுப்பட்டு வரும். வெட்டக் கொண்டு வருகிற துணி போதாமல் போவதை அடிக்கடி பார்க்கிறேன், அதனால்தான் இதை எழுதுகிறேன். கணக்குப் போடாமல் யாரும் துணி வாங்குவதில்லை. தைத்து முடித்தபின் கண்ணுக்குத் தெரியும் சதுரத்தை அளந்து, எண்ணிக்கையால் பெருக்கி, அந்த அளவுக்கு வாங்கிவிடுகிறார்கள், அங்கேதான் கணக்கு தப்பிப்போகிறது. டைக்குத் தேவையான துணி அதைவிட நிறைய.

ஒரு கணக்கைப் போட்டே பார்த்துவிடலாம். தைத்து முடிந்தபின் 4 அங்குலம் இருக்கிற சதுரம் 200 வேண்டும், துணியில் பயன்படும் அகலம் 40 அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். வெறும் பரப்பளவைப் பார்த்தால் 80 அங்குல நீளம், அதாவது 2 மீட்டருக்குக் கொஞ்சம் மேல். ஆனால் நாலு பக்கமும் தையலுக்குக் கால் அங்குலம் விட வேண்டும், ஆகவே டையின் பிளேடு வெட்டுவது நாலரை அங்குலச் சதுரம். அந்த பிளேடைத் தாண்டி எல்லாப் பக்கமும் துணி கொஞ்சம் நீட்டிக்கொண்டிருக்க வேண்டும், இல்லாவிட்டால் ரோலருக்குள் போகும்போது துணி ஒரு நூல் நகர்ந்தாலும் மூலை வெட்டுப்பட்டுப் போய்விடும். பக்கத்துக்குக் கால் அங்குலம் அதற்கும் விட்டால் ஒரு துண்டுக்கு 5 அங்குலம் ஆகிறது. 40 அங்குல அகலத்தில் எட்டுத் துண்டு, 200க்கு 25 பட்டை, ஒவ்வொரு பட்டையும் 5 அங்குலம் என்றால் மொத்தம் 125 அங்குலம். 2 மீட்டர் போதும் என்று நினைத்த இடத்தில் கிட்டத்தட்ட 3.2 மீட்டர் வந்து நிற்கிறது, இதில் துணி சுருங்குவதை இன்னும் சேர்க்கவே இல்லை.

அதனால் நான் எல்லோரிடமும் சொல்வது, துண்டை எண்ணாதீர்கள், அடுக்கை எண்ணுங்கள். டைமேல் ஒரு தடவை பரப்பும் ஒற்றைத் துணிதான் ஓர் அடுக்கு. மேலே சொன்ன டையில் ஒரே ஒரு சதுரம் இருப்பதால் 200 துண்டுக்கு 200 அடுக்கு. ஒரே டையில் நாலு முக்கோணம் இருந்து உங்களுக்கு 100 முக்கோணம் வேண்டுமென்றால் 25 அடுக்கு போதும். ஓர் அடுக்கு எத்தனை அங்குலம் அகலம், எத்தனை அங்குலம் உயரம் என்பதை டையின் வெளி பிளேடுகளை ஸ்கேலால் அளந்து, ஓரத்துக்கு விடும் துணியையும் சேர்த்து எழுதி வையுங்கள். பெட்டிமேல் அச்சடித்திருப்பது தைத்தபின் வரும் அளவாகவும் இருக்கலாம், அதை நம்பித் துணி வாங்க முடியாது.

அகலம் விஷயத்தில் இன்னும் ஜாக்கிரதை தேவை. குவில்ட்டுக்கான பருத்தித் துணி 42 முதல் 44 அங்குலம் என்று விற்கிறார்கள். இருபக்கக் கரையையும் கழித்து, துவைத்துக் காயப்போட்டு எடுத்தால் மிஞ்சுவது 40 பக்கம். மேலே சொன்ன கணக்கில் எட்டுத் துண்டுக்குச் சரியாக 40 வேண்டும், ஆக உங்கள் துணியில் 39தான் தேறுகிறது என்றால் எட்டாவது துண்டு கிடையாது. பட்டைக்கு ஏழுதான், 200க்கு 29 பட்டை, மொத்தம் 145 அங்குலம். அகலத்தில் ஓர் அங்குலம் போனதற்கு நீளத்தில் 20 அங்குலம், அரை மீட்டர் துணி, கூடுதலாக வேண்டியிருக்கிறது! கை பழகியவர்கள் ஓரத்துக்கு விடுவதைக் கொஞ்சம் குறைத்து, ஒரு துண்டுக்கு 4⅞ அங்குலமாக அந்த 39இலேயே எட்டை எடுத்துவிடுவார்கள். புதிதாக வெட்டுகிறவர்கள் அந்த முயற்சியில் இறங்க வேண்டாம், ஓர் அடுக்கு நகர்ந்தால் அதில் உள்ளது வீண்தான்.

சுருக்கத்துக்கு நான் 5 சதவீதம் வைத்துக்கொள்வேன். கடையில் கோணலாக வெட்டிய முனையை நேர் செய்ய 2 அங்குலம் போகும். 125உடன் அதைச் சேர்த்து 0.95ஆல் வகுத்தால் 134 அங்குலம், 3.4 மீட்டர். சரி, மூன்றரையாக வாங்கிவிடுங்கள்.

அப்புறம் நூல் ஓட்டம். துணியின் நீளவாக்கில் ஓடும் பாவு நூல் அவ்வளவாக இழுபடாது, குறுக்கே போகும் ஊடை நூல் கொஞ்சம் இழுபடும். ரோலர் துணியை அழுத்தி இழுக்கும்போது ஊடை அந்தத் திசையில் இருந்தால் துணி நீண்டு வெட்டுப்படும், வெளியே வந்ததும் பழைய நிலைக்குச் சுருங்கி, துண்டு ஒரு பக்கம் குட்டையாக நிற்கும். ஆகவே டை மெஷினுக்குள் போகிற திசையிலேயே பாவு ஓட வேண்டும், இதில் விட்டுக்கொடுக்க எதுவும் இல்லை. ஆனால் இது துணிக் கணக்கையும் மாற்றும். ஓர் அடுக்குக்கு பத்தரைக்கு ஐந்தரை அங்குலம் வேண்டிய டை ஒன்று இருக்கிறது, நீளப்பக்கமாக மெஷினுக்குள் போகிறது, 35 அடுக்கு வேண்டும் என்று பாருங்கள். பாவு பத்தரை அங்குலப் பக்கமாக ஓடினால் ஒரு பட்டையில் ஏழு அடுக்கு, ஐந்து பட்டை, 52½ அங்குலம். பாவை மறந்து திருப்பிப் போட்டால் ஒரு பட்டையில் மூன்றுதான் தேறும், 12 பட்டை, 66 அங்குலம் ஆகிவிடும், துண்டும் கோணும்.

வீட்டில் வைத்துக்கொள்ளும் மெஷின்களில் பருத்தி என்றால் பொதுவாக 6 அடுக்கு வரை வெட்டலாம், நுணுக்கமான வடிவத்துக்கு அதையும் குறைக்க வேண்டும். எட்டுத் துண்டுப் பட்டையை நாலு நாலாகப் பிரித்து இரண்டு தடவை விடுங்கள். ஆறைத் தாண்டித் திணித்தால் அடியில் உள்ள நூல் அறுபடாமல் நிற்கும், கத்தரியால் பிரிக்கப் போனால் அளவு போகும்.

பட்டையை முன்னும் பின்னுமாக மடித்து அடுக்குவது வேகமான வழி, சதுரத்துக்கும் சமபக்க முக்கோணத்துக்கும் நல்லது. ஆனால் மடிக்கும்போது ஓர் அடுக்கு முகம் மேலே, அடுத்தது முகம் கீழே என்று மாறி மாறி வரும். சாய்ந்த நாற்கரம் போல வலம் இடம் வேறுபடும் வடிவத்தை இப்படி மடித்து வெட்டினால் பாதி எதிர்த்திசையில் வந்து சேரும். பிளாக்குக்கு, அதாவது துண்டுகளைச் சேர்த்துத் தைக்கும் ஒரு கட்டத்துக்கு, இரண்டு திசையும் சமமாக வேண்டுமென்றால் அதிர்ஷ்டம், ஒரே திசைதான் வேண்டுமென்றால் தனித்தனியாக வெட்டி எல்லாவற்றையும் முகம் மேலே வைத்து அடுக்க வேண்டும். பூவும் பறவையும் நேராக நிற்க வேண்டிய அச்சுத் துணிக்குப் பட்டைக் கணக்கே சரிவராது. ஒவ்வொன்றாக இடம் பார்த்து வைக்க வேண்டியிருப்பதால், படம் எத்தனை அங்குலத்துக்கு ஒருமுறை திரும்ப வருகிறது என்று அளந்துதான் எவ்வளவு வாங்குவது என்று சொல்ல முடியும்.

பின்னணித் துணியை மட்டும் ஒரே தடவையில் முழுதாக வாங்கிவிடுங்கள். அதே நிறம், அதே பெயர் என்று பிறகு வாங்குவது வேறு சாயத் தொகுதியாக இருந்தால், பக்கத்தில் வைத்துத் தைத்ததும் வித்தியாசம் தெரியும்.

வாங்கி வந்த துணி அத்தனையையும் ஒரே மூச்சில் வெட்டாமல், ஒரு பிளாக்குக்கு வேண்டிய அடுக்கை மட்டும் முதலில் வெட்டித் தைத்து அளந்து பாருங்கள். அளவு சரியாக வந்தால் அந்த பிளாக்கும் குவில்ட்டிலேயே சேர்ந்துவிடும். குறைந்து வந்தால் தையலைத் திருத்திக்கொள்ள மீதித் துணி அப்படியே இருக்கும்.