பின்னால் போன விண்டோ என்ன ஆகிறது?

திருப்பூரில் ஏதாவதொரு எக்ஸ்போர்ட் அலுவலகத்துக்குப் போய், ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசரின் திரையைப் பாருங்கள். பையரின் மெயில், அளவுகள் அடங்கிய டெக் பேக், எக்ஸெலில் காஸ்டிங் ஷீட், டையிங் யூனிட்டோடு பேச வாட்ஸ்அப், போதாததற்குக் கணக்கு பார்க்க டேலி. ஒவ்வொன்றும் ஒரு விண்டோ. ஒரு டி-ஷர்ட்டுக்கு விலை சொல்வதற்குள் இத்தனைக்கும் நடுவில் பலமுறை போய்வர வேண்டும். அந்தத் தாவல் கண்ணிமைக்கும் நேரத்தில் முடிந்துவிடுவதால், உள்ளே என்ன நடக்கிறது என்று யாரும் யோசிப்பதில்லை.

பார்வைக்கு விண்டோக்கள் மேசையில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும் ஆர்டர் ஃபைல்கள் மாதிரி இருக்கின்றன. கம்ப்யூட்டருக்குள் அப்படி எதுவும் அடுக்கப்படவில்லை. எது முன்னால், எது அதற்குப் பின்னால் என்று ஒரு பட்டியல் இருக்கிறது, அவ்வளவுதான். ஒரு விண்டோவைக் கிளிக் செய்தால் அது பட்டியலின் தலைக்கு வருகிறது, விசைப்பலகையும் அதன் வசம் போகிறது. பின்னால் போன புரோகிராம் நின்றுவிடுவதில்லை. டவுன்லோட் தொடர்கிறது, டேலி ரிப்போர்ட் தயாராகிக்கொண்டே இருக்கிறது.

சரி, மறைந்திருந்த பகுதி திரும்பி வரும்போது அந்தப் படம் எங்கிருந்து வருகிறது? ஒன்றன்மேல் ஒன்று படியும் விண்டோக்கள் 1970களில் அமெரிக்காவின் ஜெராக்ஸ் பார்க் ஆய்வுக்கூடத்தில், ஆல்டோ என்ற கம்ப்யூட்டரில் உருவெடுத்தன. அதன் திரை 606-க்கு 808 புள்ளிகள், கருப்பு வெள்ளை. அந்த ஒரு திரையின் படத்துக்கே சுமார் 60 கேபி வேண்டும். ஆல்டோவின் மொத்த நினைவகமே 128 கேபியில்தான் தொடங்கியது. ஒவ்வொரு விண்டோவின் முழுப்படத்தையும் தனித்தனியே வைத்திருக்க இடம் ஏது? மைக்ரோசாஃப்ட் 1985-இல் வெளியிட்ட முதல் விண்டோஸில் விண்டோக்கள் பக்கம் பக்கமாக மட்டுமே நின்றன. 1987-இல் இரண்டாம் பதிப்பில்தான் ஒன்றன்மேல் ஒன்று வந்தன. அப்போதும் மறைந்த பகுதியின் படம் பொதுவாகச் சேமிக்கப்படவில்லை. அது வெளியே தெரியவேண்டி வரும்போது, ‘உன் பகுதியை மறுபடி வரை’ என்று அந்தப் புரோகிராமுக்குச் செய்தி போகும். புரோகிராம் வேறு வேலையில் மூழ்கியிருந்தால் வரையாது. விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் ஒரு விண்டோவை இழுத்தால் அதன் தடம் திரையெங்கும் கோடுகோடாக ஒட்டிக்கொண்டு நின்றதே, காரணம் இதுதான்.

2001-இல் ஆப்பிளின் மேக் ஓஎஸ் டென், 2007-இல் விண்டோஸ் விஸ்டா இரண்டும் இதை மாற்றின. இப்போது ஒவ்வொரு விண்டோவும் தன் படத்தை நினைவகத்தில் தனியாக வரைந்து வைக்கிறது. 1920-க்கு 1080 திரையை நிறைக்கும் விண்டோவுக்குச் சுமார் 8 எம்பி. அந்தப் படங்களைப் பட்டியல் வரிசைப்படி ஒட்டித் திரைக்கு அனுப்புவது தனியொரு மென்பொருள், கிராபிக்ஸ் சிப்பின் துணையோடு. சாதாரணத் திரையில் நொடிக்கு 60 முறை வரை இது நடக்கும். ஆல்ட், டாப் விசைகளைச் சேர்த்து (ஆல்ட்–டாப்) அழுத்தினால் வரும் விண்டோக்களின் சின்னப் படங்களும் இந்தச் சேமிப்பிலிருந்து சுருக்கி எடுத்தவைதான்.

“சிஸ்டம் ஹேங் ஆயிடுச்சுங்ணா” என்று குரல் வரும்போது பல சமயம் நின்றுபோனது ஒரே ஒரு புரோகிராம்தான். 5 விநாடிக்கு அது செய்திகளை எடுக்காவிட்டால், விண்டோஸ் அதன் கடைசித் தோற்றத்தை வெளிறிய நகலாக அதே இடத்தில் வைத்து ‘நாட் ரெஸ்பாண்டிங்’ என்று போடுகிறது. உடனே பவர் பட்டனை அழுத்திவிடாதீர்கள். ஆல்ட்–டாப்பில் மற்ற விண்டோக்களுக்குப் போக முடிகிறதா என்று பார்த்து, சேமிக்காத காஸ்டிங் ஷீட்டை முதலில் சேமியுங்கள்.

அந்த ஆல்ட்–டாப் காட்டும் வரிசை, நீங்கள் கடைசியாகப் பயன்படுத்திய வரிசை. ஒருமுறை தட்டினால் சற்றுமுன் இருந்த விண்டோ, மறுபடி தட்டினால் திரும்ப இங்கே. டெக் பேக்குக்கும் எக்ஸெலுக்கும் மாறி மாறிப் போக இதைவிட வேகமான வழி கிடையாது. ஆனால் நடுவில் வாட்ஸ்அப்பை ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டால் வரிசை மாறிவிடும். எக்ஸெலுக்குப் போவதாக நினைத்து வாட்ஸ்அப்பில் விலையைத் தட்டிவிடும் ஆபத்து இங்கேதான். ஐகான்கள் வரிசையாக நிற்கும் டாஸ்க்பாரின் இடங்கள் இப்படி மாறுவதில்லை. முதல் ஐகானுக்கு விண்டோஸ் விசையோடு 1, இரண்டாவதற்கு 2. இந்த எண்களைக் கையே நினைவில் வைத்துக்கொள்ளும். மூன்று, நான்கு புரோகிராம்களுக்குமேல் புழங்குகிறவர்களுக்கு இதைத்தான் சொல்வேன்.

இரண்டு மூன்று பையர்களின் வேலை ஒரே நாளில் ஓடினால், விண்டோஸ், கண்ட்ரோல், டி மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். புதிய டெஸ்க்டாப் ஒன்று திறக்கும். கண்ட்ரோலும் விண்டோஸும் பிடித்தபடி அம்புக்குறியால் நகரலாம். அமைப்பில் எதையும் மாற்றாதவரை, ஆல்ட்–டாப் அந்த டெஸ்க்டாப்பின் விண்டோக்களை மட்டுமே காட்டும், ஒரு பையரின் விலை இன்னொரு பையரின் மெயிலுக்குப் பக்கத்தில் வராது.