களிமண்ணுக்கு மின்சாரம் பாய்ச்சினால்

மெத்தென்ற களிமண்ணின் கன அளவில் பாதிக்கு மேல் தண்ணீர்தான். அதை வெளியேற்றினால் மண் இறுகும், கட்டடம் தாங்கும். மணலாக இருந்தால் குழாய் இறக்கி மோட்டார் போட்டு இறைத்துவிடலாம். களிமண்ணிலோ துளைகள் மிக மிகச் சிறியவை. வினாடிக்கு ஒரு மீட்டரில் நூறு கோடியில் ஒரு பங்கு என்பது அதன் வழக்கமான நீர்க்கசிவுத் திறன். ஒரு மீட்டர் தூரத்துக்கு ஒரு மீட்டர் நீர்மட்ட வேறுபாடு இருந்தாலும், ஆண்டுக்கு 3 சென்டிமீட்டர்தான் நகரும்.

மின்சாரம் இங்கே வேறு வழியில் நுழைகிறது. களித்துகளின் மேற்பரப்பில் எதிர் மின்னூட்டம் உண்டு. அதை ஈடுசெய்யும் நேர் அயனிகள் துகளை ஒட்டிய நீரில் மொய்த்திருக்கும். மண்ணில் இரண்டு கம்பிகளை இறக்கி நேர்மின்னோட்டம் கொடுத்தால், அந்த அயனிகள் எதிர்மின்முனையை நோக்கிக் கிளம்பும். போகும்போது சுற்றியுள்ள நீரையும் இழுத்துக்கொண்டு போகும். எதிர்மின்முனையில் சேரும் தண்ணீரை இறைத்துவிட வேண்டியதுதான். இதற்கு எலக்ட்ரோ-ஆஸ்மாசிஸ் என்று பெயர்.

துளை சிறுத்தால் சாதாரண நீரோட்டம் மளமளவென்று குறைந்துவிடும். இந்த ஓட்டமோ துளையின் அளவை அவ்வளவாகப் பொருட்படுத்துவதில்லை. மீட்டருக்கு 50 வோல்ட் கொடுத்தால் ஆண்டுக்கு 3 சென்டிமீட்டர் என்பது நாளுக்கு ஏறக்குறைய 2 சென்டிமீட்டர் ஆகிறது!

ரெயூஸ் என்பவர் மாஸ்கோவில் இதைக் கண்டறிந்து 1809இல் வெளியிட்டார். கட்டுமானத்துக்குக் கொண்டுவந்தவர் லியோ காசாகிராண்டே. 1939இல் ஜெர்மனியின் சால்ஸ்கிட்டர் பகுதியில், ரயில் பாதைக்காக வெட்டிய சரிவுகளை இப்படி நிலைப்படுத்தினார்.

எனக்கு இதில் மிகவும் பிடித்த கதை நார்வேயுடையது. அங்கே ‘குவிக் களி’ என்றொரு மண் உண்டு. பனியுகத்தின் முடிவில் கடலடியில் படிந்தது. பனியின் பாரம் நீங்கியதும் தரை உயர்ந்து, கடலடி நிலமாயிற்று. பிறகு ஆயிரக்கணக்கான ஆண்டுகள் நன்னீர் ஊடுருவி உப்பைக் கழுவிவிட்டது. துகள்களைப் பிணைத்து வைக்க உதவிய உப்பு போனதும், தொடாதவரை கட்டியாக நிற்கும் மண், கிளறினால் மோர்போல ஓடும். 1978இல் ரிஸ்ஸாவிலும் 2020 டிசம்பரில் யெர்ட்ரமிலும் வீடுகளை வாரிக்கொண்டு போனது இதே மண்தான்.

அந்த மண்ணைத்தான் ஓஸ் என்ற ஊரில், மண் பொறியாளர் லாரிட்ஸ் பியெரமும் சகாக்களும் மின்சாரத்தால் இறுக்கினார்கள். 1967இல் அதை எழுதியும் வைத்தார்கள். 4 மீட்டர் ஆழக் குழி தோண்ட வேண்டியிருந்தது. இரும்புக் கம்பிகளை வரிசை வரிசையாக இறக்கி மாதக்கணக்கில் மின்சாரம் கொடுத்தார்கள். 10 கிலோபாஸ்கலுக்கும் குறைவாக இருந்த மண்ணின் வலிமை சராசரியாக 40ஐ எட்டியது. தரை நன்றாகவே தாழ்ந்தது. நீர் போன இடம் சும்மா இருக்குமா?

மண்ணைக் கெடுத்த அதே உப்பிழப்புதான் இங்கே மின்சாரத்துக்கு வசதி செய்து கொடுத்தது. உப்பு நிறைந்த களியில் மின்னோட்டம் தாராளமாகப் பாயும், ஆனால் தண்ணீரை அதிகம் தள்ளாது. மின்சாரம் வெப்பமாக வீணாகும். கழுவப்பட்ட களியின் மின்தடை கூடுதல். எங்கே குவிக் களி புதைந்திருக்கிறது என்று தேடுவதற்கே நார்வேயில் நிலத்தின் மின்தடையை அளக்கிறார்கள்.

தொல்லைகளும் இல்லாமல் இல்லை. நேர்மின்முனையில் நீர் சிதைந்து அமிலம் உண்டாகும், கம்பி அரிக்கும். எதிர்மின்முனைப் பக்கம் காரம் ஏறும். நேர்மின்முனையருகே மண் காய்ந்து வெடித்தால் கம்பிக்கும் மண்ணுக்கும் தொடர்பு அறும். அரித்த இரும்பு முழு நட்டமும் இல்லை: அதன் அயனிகள் களியில் புகுந்து துகள்களைப் பிணைக்கின்றன. தண்ணீர் போனதால் மட்டும் வந்த வலிமை அல்ல அது என்பதால்தான், மின்சாரத்தை நிறுத்திய பின்பும் ஒரு பங்கு நிலைக்கிறது.

ஆனாலும் செலவு கையைக் கடிக்கும். மண்ணோடு சுண்ணாம்பும் சிமெண்டும் கலந்து தூண்களாக இறுக்குவதுதான் இன்று நார்வேயில் வழக்கம். அந்நாட்டின் டிராக்வோல் என்ற இடத்தில் இன்னொரு வழியும் பார்த்தார்கள்: கிணறுகளில் பொட்டாசியம் குளோரைடை நிரப்பி, கழுவிப்போன உப்புக்குப் பதில் உப்பைக் கசியவிடுவது. மெதுவான வேலை, ஆண்டுகள் பிடிக்கும். ஒருமுறை இப்படி உப்பேற்றிய களியில் பிறகு மின்சாரம் பாய்ச்சுவது வீண் செலவு.